எல்லையோரத்தில் இரண்டு வேதாகமங்கள்

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் செல்லும் அன்பர்கள் அறிவர்: அங்கே தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. உறவுகள் மட்டும் எல்லை பார்க்கவில்லை. லண்டன் மிஷன் வழிவந்த குடும்பங்களில் பாட்டி தமிழ் வேதாகமத்தையும் பேரன் மலையாள வேதாகமத்தையும் வாசிப்பது அங்கு வியப்பன்று.

அவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 6-ஆம் அதிகாரம் 9-ஆம் வசனத்தைப் பார்ப்போம். இறையரசை அடையாதோரின் பட்டியல் அது. ஓரினச்சேர்க்கையைக் கண்டிக்கும் பிரசங்கங்களில் தவறாமல் எடுத்தாளப்படுவது. கிரேக்க மூலத்தில் அங்கு இரு சொற்கள் உள்ளன: மலகோய், அர்செனோகோய்ட்டாய். பழைய தமிழ் வேதாகமம் இவற்றைச் 'சுயபுணர்ச்சிக்காரர்', 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்கிறது. 1910-இல் வெளிவந்த மலையாள சத்தியவேதபுஸ்தகமோ 'ஸ்வயபோகிகள்', 'புருஷகாமிகள்' என்கிறது.

வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் புணர்ச்சி என்பது செயல். காமம் என்பது விருப்பம். எதுவும் செய்யாமல், தன் மனத்தின் நாட்டத்தை மட்டும் அறிந்து அஞ்சி நிற்கும் ஓர் இளைஞன் தமிழ் நூலின்படி அப்பட்டியலில் இல்லை; மலையாள நூலின்படி இருக்கிறான். (சொல்லை நேராகப் பிரித்தால் கணவனை விரும்பும் மனைவியும் புருஷகாமிதான்!)

'மலகோய்' என்பதன் நேர்ப்பொருள் மென்மையானவர் என்பதே. மத்தேயு 11:8-இல் மெல்லிய ஆடையைக் குறிப்பதும் இச்சொல்லே. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் இதற்குப் பெண்தன்மையுடையோர் என்று பொருள் கொண்டது. பிற்காலக் கிரேக்கத்தில் சுயஇன்பம் என்ற பொருளும் இதன்மேல் ஏறியது; நம் இரு மொழிபெயர்ப்புகளும் அதையே தழுவியுள்ளன.

'அர்செனோகோய்ட்டாய்' இன்னும் கடினமானது. ஆண், படுக்கை என்ற இரு சொற்களின் கூட்டு. புதிய ஏற்பாட்டில் இங்கும் 1 தீமோத்தேயு 1:10-இலும் மட்டுமே வருகிறது. நம் மீமாம்சகர்கள் பகுதிகளைப் பிரித்துப் பெறும் பொருளை யோகம் என்றும், வழக்கினால் நிலைத்த பொருளை ரூடி என்றும் வகுத்து, ரூடியே வலியது என்றனர். வழக்கே அரிதாக உள்ள சொல்லுக்கு ரூடியை எங்கே தேடுவது? லேவியராகமம் 20:13-இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இவ்விரு பகுதிகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆதலால் பவுல் அங்கிருந்தே இச்சொல்லை அமைத்தார் என்போர் வாதம் வலுவானது. சிறுவரைக் கெடுப்போரையோ, உடலை விலைக்கு வாங்குவோரையோ குறித்தது என்போரும் உளர். பவுல் அச்செயலை ஏற்றார் என்று காட்ட எவராலும் இயலாது என்பதே என் கருத்து. நேர்மை கருதி அதைச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் செயலைக் கண்டிப்பது ஒன்று, ஒரு மனிதரின் இயல்புக்கே பெயரிட்டுக் கண்டிப்பது வேறு. 1946-இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு இரு சொற்களையும் ஒன்றாக்கி, ஓரினச்சேர்க்கையாளர் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை இட்டது. அந்தச் சொல்லோ 1869-இல் ஜெர்மன் மொழியில் உருவானது! 1971-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை நீக்கினர். அதற்குள் எத்தனை மேடைகளில் அது பவுலின் வாக்காகவே ஒலித்திருக்கும்!

ரோமர் நிருபத்தில் நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் போற்றத்தக்க ஒரு காரியம் செய்துள்ளனர். முதல் அதிகாரத்தில் இத்தகைய உறவைக் குறிக்கும் 'சுபாவத்துக்கு விரோதமான' என்ற தொடரையே, 11-ஆம் அதிகாரத்தில் இறைவன் காட்டொலிவக் கிளையை நல்ல மரத்தில் ஒட்டவைக்கும் இடத்திலும் வைத்தனர். கிரேக்கத்திலும் இரண்டிடங்களிலும் ஒரே தொடர்தான். சுபாவத்தை மீறுதல் என்பதாலேயே ஒன்று பாவமாகிவிடும் என்று சொல்வதற்குமுன், போதகர் இந்த இரண்டாம் இடத்தையும் சபைக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

2018 செப்டம்பர் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் இத்தகைய உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. சபையில் வசனத்தைக் கேட்டுத் தலைகுனிந்திருக்கும் பிள்ளைக்கு அத்தீர்ப்பு மட்டும் போதாது. வசனம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும். 2021-இல் வந்த ஓர் ஆங்கிலப் பதிப்பு, அர்செனோகோய்ட்டாய்க்குத் தன் மொழிபெயர்ப்பைத் தந்தபின், கிரேக்கச் சொல்லின் பொருள் உறுதியில்லை என்று அடிக்குறிப்பிட்டது. பாட்டியின் நூலிலும் பேரனின் நூலிலும் அவ்விடத்தில் குறிப்பு எதுவும் இல்லை.