ஏட்டின் உறுதியும் எழுதுவோர் வாய்மையும்

உண்போர் தம் உணவை விளைவித்தவரை நேரில் அறிந்திருந்த காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. இன்று நகரத்து நுகர்வோரை அடையும் பண்டம் உழவர், தரகர், பதனிடுவோர், வணிகர் எனப் பலர் கைமாறியே வந்து சேருகின்றது. முகமறியாத இவர்களை நம்புவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடையாக முன்வைக்கப்படுவனவற்றுள் ஒன்று, பிளொக்செயின் எனப்படும் தொகுதிச் சங்கிலி முறையாகும். ஒவ்வொரு கைமாற்றமும் பலருக்கும் பொதுவான இலத்திரனியற் பேரேடொன்றிற் பதியப்படும். ஒவ்வொரு பதிவுத் தொகுதியும் தனக்கு முந்தியதன் கணித முத்திரையைத் தன்னுட் கொண்டிருக்கும். ஆதலின், பழைய பதிவை ஒருவர் பின்னர் மாற்றின், அது ஏனையோரிடமுள்ள பிரதிகளோடு முரண்பட்டு வெளிப்பட்டுவிடும்.

இதன் பயன் கற்பனையன்று. அமெரிக்காவில் வோல்மார்ட் நிறுவனம் ஐ.பி.எம். நிறுவனத்தோடு இணைந்து 2016 ஆம் ஆண்டிற் தொடங்கிய சோதனையில், மாம்பழப் பொதியொன்றின் தோற்றுவாயை அறிய முன்னர் ஏறத்தாழ 7 நாள் தேவைப்பட்டது. புதிய முறையில் 2.2 செக்கன் போதுமாயிற்று. நச்சுற்ற உணவு பரவும் வேளையில் இவ்விரைவு உயிர்காக்க வல்லது.

எனினும், பதிவு மாறாதது என்பதும் பதிவு மெய்யானது என்பதும் ஒன்றல்ல. 2008 ஆம் ஆண்டு சீனாவில் வெளிப்பட்ட பாற்கலப்படம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். நீர் கலந்த பாலிற் புரதம் குறைந்து காணப்படும். அக்குறையை மறைக்க மெலமைன் என்னும் இரசாயனம் சேர்க்கப்பட்டது. வழக்கிலிருந்த சோதனை புரதத்தை நேரே அளவிடாது, நைதரசனை அளவிட்டே அதனைக் கணித்தது. மெலமைனோ நைதரசன் மிகுந்தது. எண்களைத் திருத்தவேண்டிய தேவையே எழவில்லை. ஆயினும் ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். அரச கணக்கின்படி அறுவர் இறந்தனர். அவ்வெண்கள் தொகுதிச் சங்கிலியிற் பதியப்பட்டிருப்பின், அப்பொய் அழியாத பொய்யாக நிலைத்திருக்குமேயன்றி மெய்யாக மாறியிராது.

அவ்வாறாயின் இக்கருவி பயனற்றது எனக் கொள்ளலாமோ எனின், அதுவும் பொருந்தாது. அதே நிகழ்வில், உற்பத்தி நிறுவனத்துக்கு 2007 ஆம் ஆண்டின் இறுதியிலேயே முறைப்பாடுகள் கிடைத்திருந்தன. பொதுமக்கள் அறிந்ததோ 2008 செப்ரெம்பரில். எந்தப் பால் எந்த நிலையத்திலிருந்து வந்தது என்பது பலர் கண்முன் பதிவாகியிருப்பின், மறைத்தலும் பிறர்மேற் பழிசுமத்தலும் அத்துணை எளிதாயிரா. பொய்யை இவ்வேடு தடுக்காது. பொய்யுரைத்தவர் யாரென்பதை மறக்கவும் விடாது.

கண்காணிப்புக்கு அஞ்சி நேர்மையாயிருப்பவரை நேர்மையுடையார் எனலாமா என்னும் அறவினா ஈண்டு எழுகின்றது. உண்போருக்கு வேண்டுவது தூய உணவே. விற்போரின் உள்ளத்தை ஆராய்தல் அவருக்கு எதற்கு என்று சிலர் வாதிடலாம். ஆனால் கண்காணிக்கப்படும் அளவிற்கு மட்டும் நேர்மையாயிருப்பவர், அளவுகோல் காணாத இடத்தையே தேடுவர். மெலமைன் கலந்தோர் செய்தது அதுவே. கருவி எத்துணை நுண்ணியதாயினும் அளக்கப்படாத ஓரிடம் எஞ்சியே நிற்கும். அவ்விடத்தில் உண்போரைக் காப்பது பால் கறப்போரதும் பதிவு செய்வோரதும் மனச்சாட்சி ஒன்றே. ஆகவே, தொகுதிச் சங்கிலியை வாய்மைக்குத் துணையாகக் கொள்ளலாம். வாய்மைக்கு ஈடாகக் கொள்ளலாகாது.