கடன்பட்டுச் செய்யும் உபயம்

முன்பட்ட கடனை இறுக்காதவனொருவன் மேலுங் கடன்பட்டுத் திருவிழா உபயஞ் செய்வானாயின், அது சிவபுண்ணியமாமோ ஆகாதோ? இவ்வினாவைக் கேட்பின் சிவநிந்தையாய் முடியுமென்று நம்மவர் அஞ்சுகின்றனர். உபயத்தின்பொருட்டு மனையாள் காப்பை அடைவு வைப்பாரையும், காணியை ஈடு வைப்பாரையும் யாம் அறிவோமாதலின், கேளாதிருத்தல் தகாது.

தானமாவது தன்பொருளைக் கொடுத்தல். கடனாகப் பெற்ற பணம் கையிலிருப்பினும், அதனை மீளக் கொடுக்குங் கடப்பாடு தீருமளவும் அது தன்பொருளாகாது. கொண்டவன் இறுக்கத் தவறிக் காணி போயிற்றெனின், உபயஞ் செய்தவர் உண்மையில் யாவர்? அக்காணியை இழந்த மைந்தரன்றோ? அவர் சம்மதத்தைக் கேட்டவர் ஒருவருமிலர்.

இளையான்குடிமாற நாயனார் கடன் கொண்டும் அடியாரை அமுதுசெய்வித்திலரோ எனின், நன்று கேட்டீர். நாயனார் உள்ளனவற்றை விற்றார், கடனுங் கொண்டார், அதனை யாம் மறைக்கப் புகவில்லை. ஆயின் அவர் ஊட்டியது பசித்து வந்த அடியாரை. மழைபெய்யும் நள்ளிருளிலே, பகலில் விதைத்த நென்முளையை வாரிவரும் உபாயத்தைச் சொன்னவர் மனைவியாரே, இருவர்க்கும் மனமொன்று, அயலார் எவரும் பார்த்திலர். நம்மவரோ சென்ற வருடத்து உபயகாரர் 4 கூட்டம் மேளம் பிடித்தமையால் தாம் 6 கூட்டம் பிடிக்கவேண்டுமென்று கடன்படுகின்றனர். வாணவேடிக்கை அரைமணி நேரத்திற் புகையாகின்றது. அதனால் எவர் பசி ஆறிற்று?

100க்கு 12 வீதம் வட்டிக்கு வட்டி ஏறின், 6 வருடத்தில் முதல் ஏறக்குறைய இருமடங்காகும். இக்கணக்கைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையிற் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம், அவர்தம் தாயாருடைய அடைவுச் சீட்டில் அதனைப் போட்டுப் பார்க்கக் கற்பிக்கின்றிலம். ஒற்றியோ இன்னும் நுட்பமானது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையிலும் இடம்பெற்ற பழைய வழக்கம் இது. ஒற்றி பிடித்தவர் வட்டிக்கீடாகக் காணியின் விளைவை அநுபவிப்பர். முதல் ஒருசதமுங் குறையாது நிற்கும். வட்டியில்லாக் கடனென்று மகிழ்ந்திருப்பவன், பத்து வருடஞ் சென்ற பின்னும் பட்ட தொகை முழுவதையுங் கட்டியே காணியை மீட்கவேண்டும்.

கணக்கெழுதுதல் உலோபிகள் தொழிலென்று இகழ்வாருமுளர். திருக்குறளிலே வலியறிதலென்னும் அதிகாரம் ஈகைக்கும் அளவு கூறுதலை அவர் நோக்கிற்றிலர்போலும். ஒரு கொப்பியில் வரவையுஞ் செலவையும் நாடோறும் எழுதுக. கடன்றவணை, உணவு, பிள்ளைகள் கல்வி என்பன போக எஞ்சியதில் ஒருபங்கை மாதந்தோறும் உபயத்துக்கென எடுத்துவைக்க. வருடமுடிவில் அது விளக்குக்கு ஒருபோத்தல் நல்லெண்ணெய் வாங்கவே போதுமாயினும், அவ்வெண்ணெய் முழுவதும் தன்னுடையது. அதுவும் இயலாதார்க்குத் திருவலகிடுதலும் பூத்தொடுத்தலும் உள, அவற்றுக்கு வட்டியில்லை.

தருமகர்த்தாக்களுக்கும் ஒன்று சொல்வோம். உபயகாரர் பெயரோடு தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கத்தை வருகின்ற மகோற்சவத்திலேயே நிறுத்துக. ஒவ்வொரு திருவிழாவுக்கும் இத்துணை மேளமே, இத்துணைச் செலவே என்று உபயகாரர் யாவரையுங் கூட்டித் தீர்மானித்து எழுதிவைப்பின், வறியவர் தம் முறையைக் கைவிடாமலும் காணியை ஈடு வையாமலும் நடத்துவர்.