ஒரு ஏக்கரும் ஒரு கும்பிடும்

நல்லது செய்ய வருகிறவர்களைச் சந்தேகிக்க நாம் கற்றிருக்கிறோம். கற்றது வீண்போகவில்லை. சேரிக்குள் வந்த ஒவ்வொரு உதவிக்கும் எதிரே ஒரு கும்பிடு பற்று எழுதப்பட்டிருந்தது. பொங்கலுக்கு ஒரு மரக்கால் நெல் அளந்த ஆண்டை, தை தொடங்கி மார்கழிவரை அதைச் சொல்லிக்காட்டினான். அதனால்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பேரை எடுத்ததும் நம் தோழர்களில் பாதிப்பேர் 'அவங்க காந்தி ஆளுதானே' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மீதிப்பேர் 'அம்மா' என்று கையெடுக்கிறார்கள். இரண்டுமே யோசிக்கிற வேலையை மிச்சப்படுத்துகிற வழிகள். என் கேள்வி இதுதான்: போராடிப் பறித்ததுமில்லை, சட்டம் கொண்டுவந்து கொடுத்ததுமில்லை, நடுவில் ஒருத்தர் நின்று பேசி வாங்கிக்கொடுத்த நிலம் உரிமையா, சலுகையா?

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் 1926இல் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்திலேயே பட்டம் படித்தார். வசதியான வீட்டில் பிறந்து, 1942 போராட்டத்தில் சிறைக்குப் போன ஜெகந்நாதனை 1950இல் மணந்தார். நாடு விடுதலையான பிறகுதான் கல்யாணம் என்று இருந்தவர்கள் அவர்கள். இருவரும் வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்தார்கள். தேர்தலில் நின்று பதவி தேடவில்லை. 1989இல் பத்மஸ்ரீ, 2008இல் கணவரோடு சேர்த்து 'ரைட் லைவ்லிஹுட்' விருது, 2020இல் பத்ம பூஷண். அறிவிப்புகளில் 'காந்தியவாதி' என்ற சொல் பெரிதாக இருக்கும். பிறந்த தெரு எங்கே என்பதைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

காந்திய உதவியின் மேல் நமக்குள்ள கோபத்துக்குக் காரணம் உண்டு. 1932இல் தொடங்கிய அரிசன சேவா சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கு ஏன் இடமில்லை என்ற கேள்வி எழுந்தபோது, இது சாதி இந்துக்கள் தங்கள் பாவத்துக்குச் செய்கிற பிராயச்சித்தம், ஆகவே அவர்களே நடத்தவேண்டும் என்ற பதில்தான் காந்தியிடமிருந்து வந்தது. அம்பேத்கர் 1945இல் எழுதிய நூலில் இந்தச் சங்கத்தின் உள்நோக்கத்தைத் தோலுரித்துக் காட்டினார். யோசித்துப் பாருங்கள், அடிபட்டவன் உடம்பு இவர்களின் பாவம் கழுவும் படித்துறையா? பூதானமும் அந்த வாய்க்காலில் வந்த தண்ணீர்தான். 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தலித்துகள் கேட்டது 80 ஏக்கர். ஒரு நிலப்பிரபு எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். சுற்றிலும் விவசாயிகள் ஆயுதமேந்திப் போராடி ஓய்ந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தப் பயம் இல்லாமல் அந்தத் தர்மம் பிறந்திருக்குமா? நாடு முழுவதும் பூதானத்தில் வந்ததில் பெரும்பங்கு தரிசும் வழக்கிலிருந்த நிலமும்தான். கொடுத்தவனுக்குப் பேர், வாங்கினவனுக்குக் கல்லு.

ஆனால் கிருஷ்ணம்மாள் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான் விசயம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி கேட்டதும் செங்கொடி பிடித்ததும் குற்றம். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கணவனும் மனைவியும் கீழத்தஞ்சைக்கு வந்து அங்கேயே தங்கிப்போனது அந்த நெருப்புக்குப் பிறகுதான். வலிவலத்தில் கோயில் நிலத்தை நிலப்பிரபு அனுபவிப்பதை எதிர்த்துச் சத்தியாகிரகம் நடத்தினார்கள். 1981இல் 'லாப்டி' என்ற உழுபவர் நில விடுதலை அமைப்பைத் தொடங்கினார்கள். இங்கே வழி மாறுகிறது. தானம் கேட்பது போய், நிலக்காரரிடம் விலைபேசி, கடனுக்கு ஏற்பாடு செய்து, நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் பத்திரம் பதிந்து, அவர்களே கடனை அடைப்பது என்றாகிறது. குடும்பத்துக்குச் சுமார் ஒரு ஏக்கர். இப்படி ஏறத்தாழ 13,000 குடும்பங்கள்.

இதற்கு எதிராகச் சொல்லவேண்டியது நிறைய. முதலாவது, விலை. நாலு தலைமுறையாக நாம் சேறு மிதித்து விளைய வைத்த மண்ணுக்கு நாமே விலை கொடுப்பதா? 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என்றது, 1970இல் அது 15 ஆனது. கோயில், மடம், அறக்கட்டளை என்று வைத்த விலக்குகளின் வழியாகவும் பினாமிப் பெயர்களின் வழியாகவும் நிலம் ஒளிந்துகொண்டது. சட்டப்படி நமக்கு வரவேண்டியதைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றால், திருடினவனுக்குக் கூலி கொடுத்த கதைதான். இரண்டாவது, நிலக்காரர்கள் விற்க இறங்கிவந்தது ஒரு அம்மாவின் அன்பினால் மட்டுமா? சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் முடிவுகட்டிய சீனிவாசராவ் காலத்து விவசாயச் சங்கமும், 1952 பண்ணையாள் சட்டமும், கூலிப் போராட்டங்களும், பட்டணத்துக்குப் போன மிராசுதார் பிள்ளைகளும் சேர்ந்து பண்ணையத்தை அவனுக்குக் கசக்கவைத்த பிறகுதான் விலைபேச ஆள் கிடைத்தான். அந்தப் பங்கைச் சொல்லாமல் அம்மாவின் கதையை மட்டும் சொல்வது பாதிக் கதை.

இவ்வளவும் சொன்ன பிறகும் நான் முகத்தைத் திருப்பமாட்டேன். காரணம் சொல்கிறேன்.

எங்கள் பூதலூர்ப் பக்கம் கல்லணை கைக்கெட்டும் தூரம். மேட்டூர் திறந்தால் புது ஆற்றில் எங்களுக்குத்தான் முதல் தண்ணி. தண்ணிக்கு நாங்க தலைமடை, நிலத்துக்குக் கடைமடை. என் அப்பாயி அறுபது வருசம் நாற்றுப் பறித்து நட்டாள். எந்த வயலில் எந்த மூலை பள்ளம், எங்கே நண்டு வளை போட்டு வரப்பு ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அந்த வயல்களின் அடங்கலில் ஒரு வரியில்கூட அவள் பெயர் இல்லை. வறட்சி நிவாரணம் வந்தது, பயிர்க் காப்பீடு வந்தது. எல்லாம் ஏக்கர் கணக்கில், பட்டாக்காரன் பெயருக்கு. நடவே நடக்காத வருசம் அவளுக்கு என்ன நட்டம் என்று கேட்க ஒரு படிவமும் கிடையாது.

உதவி என்பது எப்போதும் உடைமையின் பின்னால் நடக்கிறது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நாகைக் கரையை அழித்தபோது படகுக்கும் வலைக்கும் கணக்கெடுத்தார்கள். கரையோரத்தில் கூலிக்குப் போன தலித்துகள் தாங்களும் பாதிக்கப்பட்டவர்கள் என்று நிரூபிக்க அலைந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னை விழுந்தது. மரத்தை எண்ணி மரத்துக்காரனுக்கு இழப்பீடு. அந்த மரத்தில் ஏறிப் பிழைத்தவனுக்கும், மட்டை முடைந்து பிழைத்தவளுக்கும் குடிசைக் கணக்கில் ஏதோ வந்தது, போன வேலைக்கு ஒன்றுமில்லை. ஒன்றும் இல்லாதவன் ஒன்றும் இழக்கவில்லை என்பது அரசாங்கத்தின் கணிதம். ஒரு ஏக்கர் பத்திரம் இந்தக் கணிதத்துக்குள் ஒரு பெண்ணின் பெயரை நுழைக்கிறது. தானமாக வாங்கியிருந்தால் ஆண்டையைப் பார்த்த இடத்தில் தோளில் கிடக்கும் துண்டு இறங்கியிருக்கும். விலை கொடுத்தவள் யாருக்கு இறங்கவேண்டும்? அநியாய விலைதான், ஆனாலும் கும்பிடு அந்த விலையோடு தீர்ந்துபோகிறது. மிராசுதாருக்குப் போட்ட கும்பிடு இப்போது அமைப்புக்கும் அம்மாவுக்கும் போகிறதே என்றால், அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. பதின்மூவாயிரம் பெண்கள் தங்களுக்குள்ளிருந்து ஒரு அரசியல் தலைமையை எழுப்பினார்களா என்று கேட்டால் தலையைச் சொறியத்தான் வேண்டியிருக்கிறது.

அரசியலை ஒதுக்கிவைத்த சேவை எங்கே முட்டி நிற்கும் என்பதற்கு இறால் பண்ணையைப் பாருங்கள். தொண்ணூறுகளில் நாகைக் கடலோர நெல்வயல்களில் உப்புத் தண்ணீர் ஏறியது. நடவு போச்சு, குடிதண்ணி போச்சு. ஜெகந்நாதன் உச்சநீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்றவேண்டும், வேலை இழந்தவர்களுக்கு இழப்பீடு தரவேண்டும். வரலாற்றில் வைக்கத்தக்க வெற்றி. ஆனால் தீர்ப்பு வந்த மறுவருசமே அதைச் சுற்றிப்போக மசோதா தயாரானது, 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைகளுக்குப் பாதை போட்டுக் கொடுத்தது. நாடாளுமன்றத்தில் கைதூக்கியவர்களில் தனித்தொகுதி உறுப்பினர்களும்தான் இருந்தார்கள். தம் மக்களின் ஓட்டால் மட்டும் ஜெயிக்க முடியாத தொகுதியிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பூனா ஒப்பந்தம் 1932இல் போட்ட முடிச்சு அது. ஒருபக்கம் அதிகாரமில்லாத சேவை, இன்னொரு பக்கம் சேரியைப் பார்க்கமுடியாத அதிகாரம். நடுவே உப்பேறின ஒரு ஏக்கர்.

இன்னொன்றும் இருக்கிறது. நிலத்தைப் பெண் பேரில் எழுதினார்கள். அவள் இறந்தபின்? 1989இலேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் சொத்தில் சமபங்கு என்று சட்டம் திருத்தியாகிவிட்டது. ஆனால் நம் தெருப் பஞ்சாயத்தில் 'பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா வயலு, கட்டிக்கொடுத்தாச்சுல்ல' என்கிறவன் மிராசுதார் இல்லை, நம் சித்தப்பன், நம் அண்ணன். அந்தப் பதின்மூவாயிரம் பத்திரங்களில் எத்தனை இன்று மகள்கள் பேரில் மாறியிருக்கின்றன என்று கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டு எழுத, இதைப் படிக்கிற மாணவர்கள் சிலராவது முன்வந்தால் நானும் கூட வருகிறேன்.