பேணுதல்

“பேணுதலான மனிதர்” என்று ஒருவரைப் பற்றி நம் இல்லங்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். தொழுகையைத் தவறவிடாதவர், பிறர் பொருளைத் தொட அஞ்சுபவர் என்பது அதன் கருத்து. கிணற்றையும் கூரையையும் பழுதின்றிக் காப்பதற்கும் அதே சொல்லைத்தான் வழங்குகிறோம். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து தங்கியது தற்செயல் அன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. இதைக் கடலில் செல்லும் சிறு பாய்மரப் படகை வைத்து எண்ணிப் பார்ப்போம்.

பாய் இருக்க எஞ்சின் எதற்கு எனலாம். காற்று அடங்கிய நாளில் நகர்வதற்கும், துறைமுகத்துள் நுழைவதற்கும், மின்கலங்களில் மின்சாரம் ஏற்றுவதற்கும் அது வேண்டும். படியின் கீழே, ஆள் குனிந்தும் எட்டாத இருட்டில் அது கிடக்கும். எண்ணெயின் அளவு பார்க்க வேண்டும். குளிர்விக்கும் கடல்நீர் உள்ளே வரும் வடிகட்டியில் பாசி அடைத்திருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். அந்நீரை இறைக்கும் பம்பினுள் ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று உண்டு. நீர் வராமல் அது சுழன்றால் சில நிமிடங்களில் இதழ்கள் கிழிந்துபோகும், எஞ்சின் கொதிக்கும். படகின் அடியில் நீர் புகும் துளைகளுக்கு அடைப்பான்கள் உண்டு. அவற்றை அவ்வப்போது திருப்பிப் பழக்காவிட்டால் இறுகிவிடும். ஆபத்து நேரத்தில் மூட வராது.

இவற்றுள் நம் நெஞ்சைத் தொட்டது துத்தநாகக் கட்டை. கடல்நீரில் வேறு வேறு உலோகங்கள் இணைந்து கிடந்தால் ஒன்று மற்றொன்றுக்காக அரிக்கப்படும். ஆகவே உந்துசக்கரத் தண்டில் துத்தநாகத்தைப் பொருத்திவிடுகிறார்கள். அது கரைகிறது, வெண்கலம் நிற்கிறது. ஏறக்குறையப் பாதி கரைந்ததும் புதிது மாற்ற வேண்டும். மாற்றியவனை யார் பாராட்டுவார்? நல்ல பேணுதலின் விளைவு “ஒன்றும் நிகழவில்லை” என்பதே. நிகழாத ஒன்றுக்கு எவரும் நன்றி சொல்வதில்லை. அப்படியாயின், காண்பார் இல்லாத இவ்வேலையில் மனிதன் யாருக்குப் பதில் சொல்கிறான்?

டீசல் தொட்டியைப் பாருங்கள். பாதி நிரம்பிய தொட்டியின் சுவரில் ஈரம் படிந்து நீராகி அடியில் தேங்கும். அந்நீரில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கசடாகும். அமைதியான கடலில் அக்கசடு அசையாது. எஞ்சினும் குறையின்றி ஓடும். அலை எழுந்து படகு குலுங்கும்போதுதான் அது கலங்கி வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் மிகவும் தேவைப்படும் அந்த வேளையிலேயே அது நின்றுபோகும்.

1968-இல் இங்கிலாந்தில், தனியொருவராக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் பாய்ப்படகுப் போட்டி ஒன்று நடந்தது. ஒன்பது பேர் புறப்பட்டனர். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே முடித்தார். அவருடைய படகு பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. பெயர் ‘சுஹைலி’, வளைகுடா மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு இட்ட பெயர். தமிழர் அகத்திய மீன் என்னும் ‘ஸுஹைல்’ அச்சொல்லில் ஒலிக்கிறது.

குறையில்லாத படகு அன்று அது. அட்லாண்டிக்கிலேயே அடிப்பலகை இடுக்கில் நீர் கசிந்தது. அவர் கடலில் மூழ்கி, இடுக்கில் பஞ்சு திணித்து, மேலே செப்புத் தகடு அறைந்தார். மின்கலம் ஏற்றும் சிறு எஞ்சினில் நுண்ணிய இடைவெளி ஒன்றைச் சரிசெய்ய அளவுத்தகடு இல்லாதபோது, நூலொன்றின் தாள்களை எண்ணி அவற்றின் கனத்தையே அளவாகக் கொண்டார். வானொலி பழுதாயிற்று, தானியங்கிச் சுக்கானும் போயிற்று. ஆகவே பேணுதல் என்பது எதுவும் கெடாமல் காப்பது அன்று. கெட்டதைக் கெட்டது என்று ஒப்புக்கொண்டு கை வைப்பது. 312 நாள்களில், 1969 ஏப்ரல் 22 அன்று கரை சேர்ந்தார்.

அதே போட்டியில் டொனால்டு குரோஹர்ஸ்ட் என்பவரும் இருந்தார். மின்னணுப் பொறியாளர். மூன்று உடல்கள் கொண்ட படகில், வேலை முடியாத நிலையில், கெடுவின் கடைசி நாளான அக்டோபர் 31-இல் புறப்பட்டார். மூடிகள் ஒழுகின, நீரிறைக்கும் குழாய் கரையிலேயே தங்கிவிட்டது. நவம்பர் நடுவில் தம் குறிப்பேட்டில் படகின் குறைகளை ஒவ்வொன்றாக, ஒளிக்காமல் எழுதினார். அப்பட்டியல் நேர்மையானது, ஒரு நல்ல பொறியாளர் எழுதியது. ஆனால் கரைக்கு அவர் அனுப்பிய செய்தி வேறு. உலகைச் சுற்றுவதாகப் பொய் இடங்களைக் குறித்தபடி அட்லாண்டிக்கிலேயே அலைந்தார். 1969 ஜூலை 10 அன்று அப்படகு ஆளின்றி மிதக்கக் கண்டெடுத்தார்கள்.

அவரை இகழ நமக்கு மனம் வரவில்லை. கடனும் புகழின் ஆசையும் நெருக்கிய மனிதர். திரும்பி வந்து “என் படகு ஒழுகுகிறது” என்று சொல்வதே அவருக்கு இயலாததாயிற்று. உள்ளே எழுதிய பட்டியலுக்கும் வெளியே சொன்ன செய்திக்கும் இடையிலேயே அவர் மூழ்கினார் என நினைக்கிறோம். எண்ணெய் பார்க்காமலேயே “பார்த்தேன்” என்று குறிப்பவனும் அவ்வழியின் முதல் அடியில்தான் நிற்கிறான். நாக்ஸ்-ஜான்ஸ்டன் தாம் வென்ற 5,000 பவுன் பரிசை குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

சுஹைலி பின்னர் இங்கிலாந்தில் அருங்காட்சியகம் ஒன்றில் வைக்கப்பட்டது. மழையும் அலையும் படாத உலர்ந்த கூடம். பழுது வர வழியே இல்லை என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவ்வறட்சியில் தேக்குப் பலகைகள் சுருங்கத் தொடங்கின. 2002-இல் அவர் அதை வெளியே எடுத்து, செப்பனிட்டு, மீண்டும் நீரில் இறக்கினார்.