கண்டுபிடித்தவர் யார்?

நல்ல உணவுக்கடை ஒன்றைக் கண்டறிந்தவர் அதைப் பிறரிடம் சொல்லாதிருப்பது தன்னலமா? சொல்வதுதான் அறமா? அற்பமாகத் தோன்றும் இக்கேள்வி சில மாதங்களாக என் மனச்சான்றை விட்டு அகல மறுக்கிறது.

திருவண்ணாமலைத் தேரடித் தெருவை ஒட்டிய சந்தொன்றில், விடியற்காலையில் ஒரு தாய் இடியாப்பம் விற்கிறார். வறுத்த அரிசி மாவை வெந்நீரில் பிசைந்து, நாழியில் பிழிந்து, ஆவியில் வேகவைக்கிறார். குருமாவை மேலே ஊற்றிக் குழைத்தால் சுவை கெடும். நூல்நூலாய்ப் பிரித்துத் தொட்டு உண்ண வேண்டும். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்தோர் திரண்டு வந்தாலும் அவர் மாவைக் கூட்டுவதில்லை. இரு கைகளுக்கு இயன்றது அவ்வளவே.

குருக்கள் கூடிய இடமொன்றில், "நான் ஒரு கடையைக் கண்டுபிடித்திருக்கிறேன்" என்று பெருமையோடு சொன்னேன். அடுத்த வாரமே நண்பர்கள் இரு வேன்களில் வந்தனர். ஆறரை மணிக்குள் பாத்திரம் காலியாயிற்று. பூச்சந்தையில் சுமை இறக்கிவிட்டு வந்த மூதாட்டி ஒருவர் தூக்குப் பாத்திரத்தோடு நின்றார். "முடிஞ்சுபோச்சுக்கா, நாளைக்கு வாங்க" என்றார் கடைக்காரத் தாய். மூதாட்டி ஒன்றும் பேசாமல் தேநீர்க் கடைப் பக்கம் நடந்தார். அப்போது என் இலையில் ஆறு இடியாப்பங்கள் இருந்தன.

சுவைத்து உண்டதில் பிழையில்லை. தகுந்த இன்பத்தைக்கூட வெறுத்து ஒதுக்குவதைக் குறை என்றே எண்ணியவர் புனித தோமா அக்குவினாஸ். என் பிழை "கண்டுபிடித்தேன்" என்னும் சொல்லில் இருந்தது. அம்மூதாட்டி எனக்குப் பல்லாண்டுகள் முன்பே அங்கே உண்டு வந்தவர். நான் பகிர்ந்தது செய்தியை மட்டுமே. அதனால் பாராட்டு எனக்குக் கிடைத்தது. பசி அவருக்குக் கிடைத்தது.

வேறு விதமாகப் பகிர்ந்தவர்களும் உண்டு. ஜப்பானில் ராமென் நூடுல்ஸைத் தனியே வைத்து, அடர்ந்த சாற்றில் தொட்டு உண்ணும் முறைக்குச் சுகெமென் என்று பெயர். கடைப் பணியாளர்கள் மிஞ்சிய நூடுல்ஸை அவ்வாறு உண்டு வந்தனர். அதை 1955ஆம் ஆண்டில் விற்பனை உணவாக்கியவர் டோக்கியோவின் கசுவோ யமகிஷி. 1961இல் தமக்கெனக் கடை திறந்த அவர், 2015இல் மறைந்தார். நாடி வந்தவர்களுக்கெல்லாம் செய்முறையை மறைக்காமல் கற்பித்தார். பலர் அவர் கடையின் பெயரிலேயே கடை நடத்தினர். அவர் பகிர்ந்ததால் கடைகள் பெருகின. நான் பகிர்ந்ததால் கூட்டம் மட்டுமே பெருகியது.

ரூத்து நூலின் இரண்டாம் அதிகாரத்தை அண்மையில் மீண்டும் வாசித்தேன். கதிர் பொறுக்க வந்த அயல்நாட்டுக் கைம்பெண்ணை அப்பம் தொட்டு உண்ண அழைக்கிறார் போவாசு. அத்துடன் நிற்கவில்லை, அவள் பொறுக்குவதற்கெனக் கதிர்களை வேண்டுமென்றே விட்டுவைக்குமாறு தம் ஆள்களைப் பணிக்கிறார். அழைப்பதும் விட்டுவைப்பதும் அவரிடம் ஒன்றாகவே நிகழ்கின்றன. எனக்கோ அழைக்க மட்டுமே தெரிந்திருந்தது.

எனவே, சொல்லலாமா என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நான் சொல்வதற்கு விலை கொடுக்கப்போவது யார்?

இப்போது எட்டு மணிக்குப் பிறகே அச்சந்துக்குச் செல்கிறேன். சில நாள்களில் பாத்திரம் காலியாகவே இருக்கிறது. "காலையிலேயே வரக்கூடாதா, சாமி?" என்று அத்தாய் கடிந்துகொள்கிறார். பூக்கார அம்மா சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறேன்.