பயன்பாடும் நீதியும்: நூலகச் சந்தா நிறுத்தம் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

ஒழுக்கவியலாளர் ஆராயும் வினாக்களுள் நன்மைக்கும் தீமைக்கும் இடையே ஒன்றைத் தெரிதல் பற்றியவை ஒப்பளவில் எளியன. இரு நன்மைகளுள் ஒன்றைக் கைவிட வேண்டிய நிலை தோன்றும்போதே ஒழுக்கச் சிந்தனை கடுஞ் சோதனைக்கு உள்ளாகின்றது. வருவாய் சுருங்கிய காலத்தில் நூலகங்கள் தம் சந்தாக்களுள் எதனை நிறுத்துவது என்று தீர்மானித்தல் இத்தகையதொரு நிலையாகும். வெளிப்பார்வைக்கு இது கணக்காளரின் பணியாகத் தோன்றும். எனினும் எவருடைய அறிவுத்தேவை முதன்மையானது, எவருடைய தேவை காத்திருக்கலாம் என்னும் தீர்ப்பு அதனுள் அடங்கியுள்ளமையால், அது நீதி பற்றிய வினாவும் ஆகின்றது. புத்தளம் மாவட்டக் கரையோரத்து எடுத்துக்காட்டுக்கள் சிலவற்றைத் துணையாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் இவ்வினா 2022ஆம் ஆண்டில் மிகக் கூர்மையடைந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பின்போடப்பட்டதும் அக்காலத்திலேயே ஆகும். ஆய்வுச் சஞ்சிகைகள் அடங்கிய மின்னியல் தரவுத்தளங்களுக்கு வெளிநாட்டு வெளியீட்டாளர்கள் பெரும்பாலும் டொலரிலேயே சந்தா விதிக்கின்றனர். ஆண்டுச் சந்தா 10,000 டொலர் எனக் கொண்டால், 20 இலட்சம் ரூபா செலுத்திய நூலகம், ஒரு பக்கமேனும் கூடுதலாகப் பெறாமலே 36 இலட்சம் செலுத்த வேண்டிய நிலை உருவாயிற்று. ரூபா பின்னர் ஓரளவு மீண்டபோதிலும் பழைய நிலையை எய்தவில்லை.

தனித்து வாங்க இயலாததைக் கூட்டாக வாங்குதல் வறிய நாட்டு நூலகங்கள் கைக்கொள்ளும் வழியாகும். 2002இல் ஒக்ஸ்போட்டைத் தளமாகக் கொண்ட இனாஸ்ப் நிறுவனம் தொடங்கிய திட்டம், இலங்கை உட்படப் பல நாடுகளின் நூலகங்கள் ஒன்றுசேர்ந்து குறைந்த விலையில் சஞ்சிகைகளைப் பெற வழிகாட்டியது. கூட்டுச் சந்தாவின் பலம் எதுவோ அதுவே அதன் இடரும் ஆகின்றது. பெரும் பல்கலைக்கழகமும் சிறு ஆராய்ச்சி நிலையமும் ஒரே தரவுத்தளத்தைப் பகிரும்போது செலவு குறைகின்றது. ஆயின் அதனை நிறுத்தும் முடிவும் அனைவரையும் ஒருங்கே பாதிக்கின்றது. கூட்டின் பெரிய உறுப்பினருக்கு அது பலவற்றுள் ஒன்றாக இருக்கலாம். சிறிய உறுப்பினருக்கோ அது ஒன்றே ஒன்றாக இருத்தல் கூடும்.

தரவுத்தளத்தின் இயல்பும் ஈண்டு கருதத்தக்கது. அச்சுச் சஞ்சிகை ஒன்றின் சந்தாவை நிறுத்தினால் புதிய இதழ்கள் வாரா. எனினும் முந்திய ஆண்டுகளின் தொகுதிகள் அடுக்கிலேயே இருக்கும். தரவுத்தளமோ பெரும்பாலும் வாடகைக்குப் பெற்ற வீடு போன்றது. ஒப்பந்தத்தில் முன்னரே உரிமை பெற்றிருந்தாலன்றி, சந்தா முடிவடையும் நாளிலே பத்தாண்டுகளாகப் பணம் செலுத்திப் பெற்றவையும் கைவிட்டுப் போகின்றன. எனவே, ஓர் ஆண்டின் வரவுசெலவுக்காக எடுக்கப்படும் முடிவு, இனி வரவிருக்கும் மாணவரின் கடந்தகால அறிவுச் செல்வத்தையும் குறைத்துவிடுகின்றது.

இத்தீர்மானத்துக்கு நூலகங்கள் பொதுவாகக் கையாளும் அளவுகோல், ஒரு பயன்பாட்டுக்கான செலவு என்பதாகும். ஆண்டுச் சந்தாவை அவ்வாண்டில் பதிவிறக்கப்பட்ட கட்டுரைகளின் தொகையால் வகுத்து, வரும் விடை மிகப் பெரிதாக உள்ள தரவுத்தளத்தை முதலில் நிறுத்துவர். பெந்தாம் முதலிய பயன்வழிக் கொள்கையினர் கூறிய, மிகப் பலருக்கு மிகுந்த நன்மை என்னும் நெறியே இதன் அடித்தளம் எனலாம். இவ்வளவுகோலை எளிதில் தள்ளிவிடுதல் பொருந்தாது. ஒவ்வொரு வாசகரையும் ஒருவராகவே அது எண்ணுகின்றது; பேராசிரியரின் பதிவிறக்கத்துக்கும் முதலாண்டு மாணவியின் பதிவிறக்கத்துக்கும் ஒரே மதிப்பை அளிக்கின்றது. செல்வாக்குள்ள துறைத்தலைவர் எவரும் தம் துறைக்குரிய சஞ்சிகையைப் பெயரின் பெருமையால் மட்டும் காப்பாற்றிக்கொள்வதற்கு அது இடம் கொடுப்பதில்லை.

ஆயினும், எண்ணிக்கை எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பதைப் புத்தளம் கரையோரத்தின் அனுபவம் தெளிவுபடுத்தும். இம்மாவட்டத்தின் தென்பகுதியில் லுணுவிலவிலே 1929இல் தோன்றிய தெங்கு ஆராய்ச்சித் திட்டம் பின்னர் தெங்கு ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. குருநாகல், புத்தளம், கம்பகா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய தெங்கு முக்கோணத்தின் வாழ்வு அதன் ஆய்வுகளோடு பிணைந்துள்ளது. 1997ஆம் ஆண்டின் இறுதியில், அம்முக்கோணத்தின் வடமேற்கு எல்லையை அடுத்த கற்பிட்டித் தீபகற்பத்தில், இலங்கையில் அதற்கு முன் பதிவாகாத ஒரு பீடை காணப்பட்டது. குரும்பையின் காம்பருகே மூடியிருக்கும் இதழ்களின் அடியில் வாழ்ந்து, இளந்தோலின் சாற்றை உறிஞ்சிக் காயைச் சிறுக்கவும் வடுப்படவும் செய்யும் சிற்றுண்ணி அது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவினது. 1965இலேயே மெக்சிக்கோ நாட்டு மாதிரிகளைக் கொண்டு அது விவரிக்கப்பட்டிருந்தது. அடுத்த மூன்று தசாப்தங்களில் அமெரிக்கக் கண்டத்து நாடுகளிலும் மேற்காபிரிக்காவிலும் அதைப் பற்றிய ஆய்வுகள் நிகழ்ந்து, தொலைநாட்டுச் சஞ்சிகைகளில் வெளிவந்தன.

1996இல் இலங்கை நூலகமொன்றில் அவ்வாய்வுகளின் வாசகரை எண்ணியிருப்பின், விடை பூச்சியத்தை ஒட்டியே இருந்திருக்கும் எனக் கருதலாம். ஈராண்டு கழிந்தபின் அதே பக்கங்கள் ஒரு கரையோர மக்களின் வாழ்வாதாரத்துக்கு இன்றியமையாதனவாயின. அச்சிற்றுண்ணியை இரையாகக் கொள்ளும் வேறொரு சிற்றுண்ணியினத்தைப் பெருக்கித் தோட்டங்களில் விடும் முறையை லுணுவில ஆய்வாளர் பின்னர் வளர்த்தெடுத்தனர். முன்னோர் ஆய்வுகளை அறியாமல் அத்தகைய பணியைத் தொடங்குதல் அரிது. இறால் வளர்ப்பிலும் இதனையொத்த நிகழ்ச்சியைக் காணலாம். 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவிற் பரவிய வெண்புள்ளி நோய், 1996இல் புத்தளம் மாவட்ட இறாற் பண்ணைகளைத் தாக்கிப் பெருநட்டம் விளைவித்தது. கடந்த ஆண்டின் பயன்பாட்டை எண்ணும் அளவுகோல், அடுத்த ஆண்டின் ஆபத்தை அறியாது.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து மற்றொரு குறைபாடும் புலனாகின்றது. கற்பிட்டியில் அரை ஏக்கர் தென்னந்தோட்டம் வைத்திருப்பவர் எந்தத் தரவுத்தளத்தினுள்ளும் நுழைவதில்லை. அவர் பெயரால் ஒரு பதிவிறக்கமும் பதிவாவதில்லை. எனினும் ஆய்வாளர் ஒருவர் ஒரு கட்டுரையை வாசித்ததன் பயன் இறுதியில் அவருடைய மரத்தைச் சென்றடைகின்றது. தேர்வுக்கு முதல்நாள் ஐம்பது மாணவர் ஒரே கட்டுரையைப் பதிவிறக்கி ஒரு விடையை எழுதுவதும், ஓர் ஆய்வாளர் ஒரு கட்டுரையைக் கற்று ஓர் ஊரின் பயிரைக் காப்பதும் கணக்கேட்டில் ஐம்பதுக்கு ஒன்று என்றே நிற்கின்றன. வாசிப்போரை மட்டும் எண்ணி, வாசிப்பினால் வாழ்வோரை எண்ணாத கணக்கு, பயன்வழிக் கொள்கையின் நோக்கத்தைக்கூட நிறைவேற்றவில்லை என்றே கூற வேண்டும்.

கலைத்துறைகளுக்கு இவ்வளவுகோல் இழைக்கும் குறை வேறுவகையானது. கற்பிட்டியிலே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை பற்றிய தமது புவியியல் அகராதியையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றுத் தொகுப்பாகிய தமிழ் புளூட்டாக்கையும் வெளியிட்டார். இரண்டு நூற்றாண்டுகளை அண்மித்தும் இக்கரையோரத்தின் சமூக வரலாற்றை ஆராய்வோர் அவரை விட்டு நகர இயலாது. மருத்துவத்தில் ஐந்தாண்டுப் பழைய கட்டுரை வழக்கொழிந்ததாகலாம். வரலாற்றிலும் இலக்கியத்திலும் நூறாண்டுப் பழைய கட்டுரை இன்றைய விவாதத்தின் தொடக்கப் புள்ளியாக அமையலாம். மெதுவாகவும் நெடுங்காலமாகவும் பயன்படும் அறிவை ஓராண்டுப் பதிவிறக்கத்தால் அளத்தல், ஆலமரத்தின் பயனை அவ்வாண்டு விளைந்த நெல்லோடு நிறுத்துப் பார்ப்பதை ஒக்கும்.

மேலும், பயன்பாடு குறைந்தமைக்குக் காரணம் எப்பொழுதும் தேவைக்குறைவே எனக் கொள்ளுதல் தவறாகும். சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய அரங்கநாதன், 1931இல் வகுத்த நூலகவியல் விதிகளில், வாசகருக்கு உரிய நூலைச் சேர்ப்பிப்பதோடு நூலுக்கு உரிய வாசகரைத் தேடிக்கொடுப்பதையும் நூலகத்தின் கடமையாக்கினார். ஒரு தரவுத்தளத்தின் இருப்பையே மாணவர் அறியாராயின், அதனுள் தேடும் முறையை எவரும் கற்பிக்கவில்லையாயின், குறைந்த எண்ணிக்கை நூலகத்தின் பணிக்குறையையே காட்டும். அனுமதியின்றிக் கட்டுரைகளை வழங்கும் இணையத்தளங்களை மாணவர் நாடுவதும் இவ்விடத்துக் கருதத்தக்கது. பின்வாசலால் எடுக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் முன்வாசலின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கின்றது. வறுமை காரணமாக அவ்வாசலை நாடுவோர் மீது கடுந்தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. எனினும் சட்டத்துக்குப் புறம்பான, எந்நாளும் மூடப்படக்கூடிய ஒன்றைத் தன் திட்டத்தின் அடிப்படையாக ஒரு பொதுநிறுவனம் கொள்ளுதல் இயலாது.

இவற்றால், அரிதாகப் பயன்படுவன அனைத்தும் காக்கப்பட வேண்டும் என்னும் முடிவு பெறப்படுமா? அவ்வாறு கொள்வதும் அநீதிக்கே இட்டுச்செல்லும். என்றோ வரக்கூடிய பீடையின் பெயரால் எல்லாவற்றையும் வைத்திருக்க முனைந்தால், இன்று இருக்கும் மாணவரின் தேவை கைவிடப்படும். உடப்பிலிருந்தோ முந்தலிலிருந்தோ பல்கலைக்கழகம் புகும் மாணவி, வீட்டில் நூல்களற்று, விலைகொடுத்து வாங்கும் வசதியுமற்று, நூலகம் தரும் பொதுத் தரவுத்தளத்தையே நம்பியிருக்கக்கூடும். ஆய்வாளருக்கோ வெளிநாட்டு நண்பர் உளர். கட்டுரை ஆசிரியருக்கு எழுதிப் பிரதி பெறும் பழக்கமும் உண்டு. ஆகவே சிறுபான்மையினர் எப்பொழுதும் நலிந்தோர் அல்லர்; பெரும்பான்மையினர் எப்பொழுதும் வலியோரும் அல்லர்.

ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில், ஏற்றத்தாழ்வுகள் மிகவும் பின்தங்கியவருக்கு நன்மை பயப்பனவாக அமையும்போதே நியாயமாகும் எனக் கருதினார். நூலகத்தில் மிகவும் பின்தங்கியவர் யார் என்பதே ஈண்டு எழும் வினா. பதவி, துறை, தொகை ஆகியவற்றால் அவரை அடையாளம் காண இயலாது. இவ்வாசல் அடைபட்டால் வேறு வாசல் இல்லாதவர் எவரோ அவரே பின்தங்கியவர். இவ்வாறு நோக்கின், எது குறைவாகப் பயன்படுகின்றது என்னும் வினாவுக்கு முன், எது நிறுத்தப்பட்டால் எவருக்கு மாற்றுவழி இல்லாது போகும் என்னும் வினா வைக்கப்பட வேண்டும். திறந்த அணுக்கத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றை மிகுதியாகக் கொண்ட தரவுத்தளத்தை, பயன்பாடு மிகுந்திருந்தாலும் நிறுத்தலாம். வேறெங்கும் பெற இயலாததை, பயன்பாடு குறைந்திருந்தாலும் தாங்கலாம்.

மாற்றுவழி என்பது பெயரளவில் இருந்தாற் போதாது. 2003இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் தொடங்கிய அகோரா, வறிய நாடுகளின் விவசாய ஆய்வாளருக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ சஞ்சிகைகளை வழங்குகின்றது. அதன் நன்மை பெரிது. ஆயினும் 2011 ஜனவரியில், மருத்துவத்துறைக்குரிய இதனையொத்த ஹினாரித் திட்டத்திலிருந்து, வங்காளதேசத்துக்கு அளித்துவந்த 2,500க்கு மேற்பட்ட சஞ்சிகைகளை வெளியீட்டாளர் சிலர் விலக்கிக்கொண்டனர். கண்டனம் எழுந்தபின் மீண்டும் வழங்க இணங்கினர். கொடையாகப் பெறுவது கொடுப்போரின் மனத்தைச் சார்ந்து நிற்கும் என்பதற்கு இது சான்று. அவ்வாறே, 2019இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் எல்சவியர் வெளியீட்டாளருடனான சந்தாவைக் கைவிட்டு, 2021இல் புதிய ஒப்பந்தத்துக்கு வந்தமை பலராலும் பாராட்டப்படுகின்றது. பெருஞ் சேகரங்களும் நூலகங்களுக்கிடையிலான இரவல் முறையும் உடையோருக்கு நிறுத்துதல் ஒரு பேரம். லுணுவில போன்ற இடத்துச் சிறு நூலகத்துக்கு அது பட்டினி.

பொறுப்பை அரசே ஏற்பதும் ஒரு வழியாகும். இந்திய அரசு 2024 நவம்பரில் அங்கீகரித்த ஒரே நாடு ஒரே சந்தாத் திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி இந்திய ரூபாவை ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகளை 6,300 அளவான நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. சிறு நகரக் கல்லூரியும் பெரும் பல்கலைக்கழகமும் ஒரே வாசலால் நுழைய இது இடமளிக்கின்றது. எனினும் எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது என்னும் தெரிவு அதனால் மறைவதில்லை. நூலகத்தின் மேசையிலிருந்து தலைநகரின் மேசைக்கு அது மாறுகின்றது. வாசகரிடமிருந்து தொலைவு கூடக்கூட, அவர் குரல் கேட்கும் வாய்ப்பும் குறையலாம்.

முடிவாக நோக்குமிடத்து, நெருக்கடிக் காலத்தில் எதையும் நிறுத்தாதிருத்தல் இயலாது. நிறுத்துவோர் அனைவரும் அறிவின் பகைவரும் அல்லர். ஆயின் அம்முடிவை எண்ணிக்கையின் கையில் ஒப்படைத்துவிட்டுத் தாம் பொறுப்பற்றவர் போல் ஒதுங்குதல் எவருக்கும் தகாது. எண்ணிக்கை சாட்சியாகலாம், தீர்ப்பாளராகலாகாது. இழக்கப்போவோரை முன்கூட்டியே அறிந்து, கூட்டின் மிகச் சிறிய உறுப்பினரையும் அழைத்துக் கேட்டு, நிறுத்தியதற்கான காரணங்களை எழுதி வெளியிட்டு, நிலைமை சீரடையும்போது மீட்க வேண்டியவற்றின் பட்டியலையும் பேணுதல் நீதியான நடைமுறையாகும். கற்பிட்டியின் தென்னந்தோட்டக்காரர் அக்கூட்டத்துக்கு வரப்போவதில்லை. அவருக்காகவும் ஒருவர் பேசினாரா என்பது, எடுக்கப்பட்ட தீர்மானம் நீதியானதா என்பதை அளக்கும் வினாக்களுள் ஒன்றாக இருத்தல் வேண்டும்.