சளிப்பூஞ்சையும் உயிரறிவும்



முடிச்சூரில் எம் இல்லத்தின் புறங்கடையில் வெட்டுண்டு கிடந்த தென்னங்கட்டையின்மேல், சென்ற ஐப்பசி மழைக்குப் பின் மஞ்சட் குழம்பு போன்றதொன்று படர்ந்திருக்கக் கண்டோம். மாலையில் ஒரு புறத்திருந்தது காலையில் மறுபுறம் சேர்ந்திருந்தது. தாவரவியல் பயிலும் எம் பெயர்த்தி, "இது சளிப்பூஞ்சை, தாத்தா, மூளையுமில்லை, நரம்புமில்லை, ஆயினும் வழி தேடும்" என்றாள். பெயரளவிற் பூஞ்சையாயினும் இனத்தால் அஃது அன்றாம்.

2000-ஆம் ஆண்டிற் சப்பானிய அறிஞர் நககாகி முதலியோர், முட்டுச்சந்துகள் நிறைந்த சிக்கல்வழியின் இரு வாயிலும் உணவு வைத்தனர். வழி முழுதும் நிரம்பியிருந்த அவ்வுயிர் சந்துகளினின்று சுருங்கி, குறுகிய வழியிலே குழாயாய் நின்றது. 2010-இல் தோக்கியோவைச் சூழ்ந்த ஊர்களின் அமைப்பில் உணவு வைத்தபோது, அந்நாட்டு இருப்புப்பாதையை ஒத்ததொரு வலையைப் பின்னிற்று. இஃது அறிவே என்பார் ஒருசாரார்; ஓட்டம் மிக்க குழாய் பருத்து, குறைந்தது சுருங்கும் வெறும் இயக்கமே என்பார் மற்றொருசாரார்.

தொல்காப்பியர் ஓரறிவுயிரைக் கூறினாராதலின் இது நமக்கு வெற்றியென நண்பரொருவர் எழுதினார். யாம் உடன்படோம். ஓட்டத்தால் விளங்குவதொன்றை உயிருக்குச் சான்றாக்கின், நாளை அவ்வோட்டத்தை இயந்திரத்தில் அமைத்துக் காட்டுவார்க்கு யாது விடை கூறுவோம்?

நமக்கு மெய்யாகவே இடர் தருவது பிறிதொன்று. இதனைத் துண்டித்தால் துண்டுகள் தனித்தனி வாழும். இரண்டைச் சேர்த்தால் ஒன்றாய்க் கலக்கும். உயிர்கள் பல, ஒவ்வொன்றும் பகுக்கப்படாதது என்பதன்றோ நம் கொள்கை? துண்டித்தலுக்கு விடை எளிது. முருங்கைப் போத்து நடுவார் அறிவர்: பிளந்தது உடல், பிறிதோருயிர் தன் வினைக்கேற்ப அதனைச் சார்ந்தது. கலத்தலே அரிது.

பிரான்சின் துலூசு நகரில் ஓட்ரி துசுத்தூர் அம்மையாரும் உடனாய்வோரும் 2016-இற் கண்டது இது: உப்பிட்ட பாலத்தைக் கடக்கத் தயங்கிய சளிப்பூஞ்சை, சில நாளிற் பழகித் தயக்கமின்றிக் கடந்தது. பழகியதோடு பழகாதது மூன்று மணிநேரம் கலந்திருந்த பின், பழகாததும் அவ்வாறே கடந்தது! கற்றது உயிரின் பண்பாயின், ஓருயிரினின்று மற்றோருயிர்க்கு அஃது எங்ஙனம் பாயும்? இவ்வினா எம்மைச் சில இரவு உறங்கவொட்டவில்லை. 2019-இல் அவ்வாய்வினரே, பழகுங்கால் அஃது உப்பை உள்ளீர்த்துத் தேக்குகின்றது, அத்தேக்கமே நினைவாய் நிற்கின்றது எனக் காட்டினர். பாய்ந்தது உப்பென்னும் சடப்பொருளே. சித்தம் முதலிய அந்தக்கரணங்கள் சடமென்றும், உயிர் அவற்றைச் சார்ந்து, சார்ந்ததன் வண்ணமாய் அறியுமென்றும் நம் ஆசிரியர் கொண்டனர். மூளையும் அக்கருவிகளோடு எண்ணத்தக்கதே. ஆதலின் மூளையின்மை கொண்டு அறிவின்மை துணிதல் கூடாது. வழிகண்ட செயல் கொண்டு அறிவுடைப்பொருளைக் கண்டுவிட்டோமெனத் துள்ளுதலும் கூடாது.

கலந்த ஓருடலில் உயிர் ஒன்றோ, இரண்டோ? ஒன்று நீங்கிற்றெனின், சாவின் அடையாளம் காணோம். இரண்டும் உள எனின், ஒரே குழம்பில் இருவினை நுகர்ச்சி எவ்வாறு? வயிற்றுப் புழுவை ஒப்புக் கூறுவாருளர். புழுவிற்கு வேறுடல் உண்மையின் அது பொருந்தாது. யாம் முன்னதன் பக்கமே சாய்கின்றோம்; முடிந்த முடிபாக அன்று. மடாலயத்துப் பெரியோர் ஆராய்ந்து எழுதியருள வேண்டும்.

கட்டையின்மேலிருந்தது இப்போது கபிலநிறப் பொடியாய் உலர்ந்துள்ளது. அடுத்த மழை வரை கட்டையை அகற்றவேண்டாமென வீட்டாரிடம் சொல்லி வைத்துள்ளோம்.